கூடைப்பந்துக்குப் பின்னால் ஊர் போகும் பிள்ளைகளுக்கு

திருகோணமலையிலிருந்து கல்லூரி அணிக்குப் பின்னால் முதல் தடவையாக வெளியூர் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். மாகாணப் போட்டி மட்டக்களப்பில் என்று தெரிந்த அன்றே உங்களில் சிலர் வான் பேசத் தொடங்கிவிடுவீர்கள். நல்லது, போங்கள். அந்த வயதில் கூட்டாளிமாரோடு போகிற பிரயாணம் பிறகு கிடைக்காது. ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெளிந்துகொண்டு போங்கள்.

அணியில் பன்னிரண்டு பிள்ளைகள். பழகாத ஊர், பழகாத திடல். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் எதிரணியின் பேரைச் சொல்லிக் கத்தும்போது, தன் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு குரலாவது கேட்காதா என்று அந்தப் பிள்ளைகளின் மனம் தேடும். அந்தக் குரலாக இருக்கத்தான் நீங்கள் போகிறீர்கள். கடற்கரையும் கொத்து ரொட்டியும் அதற்குப் பிறகுதான்.

1. இந்த விளையாட்டு நம்மிடம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காக, பீச் பழக் கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் மாட்டி, பதின்மூன்று விதிகள் எழுதி உருவாக்கிய ஆட்டம் இது. உள்ளரங்குக்கென்று பிறந்த ஆட்டத்தை நம் பிள்ளைகள் உப்புக் காற்றிலும் வெயிலிலும் சீமெந்துத் தரையில் ஆடி வளர்த்தார்கள். கிழக்கில் அது வேரூன்றியதில் யேசு சபைத் துறவிகளுக்குப் பெரும் பங்குண்டு. திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரி 1867இலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி 1873இலும் தொடங்கியவை. முதலில் பிரெஞ்சு யேசு சபையினர் வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்கர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் லூசியானாவின் ஜெனிங்ஸ் ஊரில் 1923இல் பிறந்த யூஜின் ஹேபர் அடிகளார். மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கி, கொழும்புக் கல்லூரிகளை வெல்லும் அணிகளை உருவாக்கியவர் அவர். மட்டக்களப்புத் திடலில் எதிரணியாக ஒரு பிள்ளை பந்தோடு பாய்ந்து வரும்போது, அந்தப் பாய்ச்சலுக்குப் பின்னால் பல தலைமுறைப் பயிற்சி இருக்கிறது. அதற்கு மரியாதை கொடுத்துக்கொண்டே உங்கள் அணிக்குக் கைதட்டுங்கள்.

2. இது கிரிக்கெட் பெரும் போர் போன்ற பயணம் அல்ல.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904இலிருந்து ஆடிவரும் வடக்கின் பெரும் போருக்குப் போகிறவர்களுக்கு, இரண்டு அணிகள் யார் என்று முன்கூட்டியே தெரியும். கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி அப்படியில்லை. காலையில் ஓர் ஆட்டம் தோற்றால் மத்தியானமே வீடு திரும்ப வேண்டி வரலாம். வென்றால் இன்னோர் இரவு தங்க வேண்டும். மாகாணத்தில் வென்றால் அடுத்தது அகில இலங்கைப் போட்டி. ஆகவே இரண்டு திட்டம் வைத்திருங்கள்: தோற்றால் என்ன செய்வது, வென்றால் எங்கே தங்குவது. இரண்டையும் பெற்றோருக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். ஆட்ட நேரத்தை அணிப் பொறுப்பாசிரியரிடம் நேரே கேளுங்கள். கூட்டாளி சொன்னான் என்று நம்பிப் போகாதீர்கள்.

3. காசைப் புறப்படும் முன்பே சேருங்கள், ஒருவர் கையில் கொடுங்கள்.

கணக்கில் கவனமான ஒரு பிள்ளை எல்லாக் குழுவிலும் இருப்பாள். வான் வாடகை, சாப்பாடு, தங்குமிடம் என்று பிரித்து எழுதட்டும். ஒரு பங்கை எடுத்துத் தனியே வையுங்கள். இறுதியாட்டம் வரை போனால் அதுதான் உதவும். காசு கொடுக்க முடியாத கூட்டாளி ஒருவன் இருப்பான், வேலை இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கப் பார்ப்பான். அவன் பங்கை மற்றவர்கள் சத்தமில்லாமல் போட்டுவிட்டு அவனையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அதைப் பிறகு எவரும் எடுத்துப் பேசக்கூடாது.

4. இருக்கைக்கு ஓர் ஆள். அதற்கு மேல் ஒருவரும் வேண்டாம்.

பதினாலு பேருக்கான வானில் இருபது பேர் ஏறுவது வீரமல்ல. 2021 நவம்பர் 23இல், நம் மாவட்டத்தின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாததால் ஓடவிட்டிருந்த மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அந்தத் துயரம் கிண்ணியாவில் இன்னும் ஆறவில்லை. ஏற்றக்கூடிய அளவு எது என்று கேட்பதும், அது மீறினால் இறங்கிவிடுவதும் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் அவரோடு பயணம் போகாதீர்கள்.

சாரதி அண்ணனை மறக்காதீர்கள். நீங்கள் ஆட்டம் பார்க்கும்போது அவர் நித்திரை கொள்ளட்டும். நீங்கள் சாப்பிடும்போது அவரையும் கூப்பிட்டு உங்கள் மேசையில் இருத்துங்கள். ஓடும்போது பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் குறையுங்கள். கொழும்புப் பக்கம் போவதென்றால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பின்னேரத்திலும் இரவிலும் யானை றோட்டைக் கடக்கும். அந்தத் துண்டை வெளிச்சத்தில் கடக்கும்படி நேரம் வையுங்கள். வானுக்கு வசதியில்லையென்றால் இரவு ரயில் இருக்கிறது. கல் ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையோடு சேர்ந்து கொழும்புக் கோட்டை வரை போகும்.

5. நீங்கள் போகும் வழி எப்படித் திறந்தது என்று அறிந்து போங்கள்.

மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதி ஏறத்தாழ 130 கிலோமீற்றர். சீனக்குடா தாண்டிக் கிண்ணியாப் பாலம் ஏறுவீர்கள். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தது. அதற்கு முன் அங்கே மிதப்புப் பாதையில் ஏறித்தான் வாகனங்கள் அக்கரை போகும். அடுத்தடுத்த துறைகளிலும் அப்படித்தான். ஒவ்வொரு துறையிலும் வரிசையில் காத்து நின்ற தலைமுறை நாங்கள். போர்க்காலத்தில் அந்த வழியே மூடிக் கிடந்தது. பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஆட்டம் ஆட, ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்றிப்போன அணிகள் உண்டு. போகவே முடியாமல் போன அணிகளும் உண்டு.

மூதூர், கிளிவெட்டி, சேருநுவர, வெருகல், கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி, ஓட்டமாவடி, வாழைச்சேனை: இந்த ஊர்ப் பேர்களை வாயால் சொல்லிக்கொண்டு போங்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் ஊர்கள் இவை. இழப்பு இல்லாத ஊர் இவற்றில் ஒன்றுமில்லை. வாழைச்சேனை தாண்டி ஏறாவூர்ப் பக்கம் போகும்போது ஹேபர் அடிகளாரை நினையுங்கள். 1990 ஆகஸ்ட் 15 அன்று ஒரு தமிழ் இளைஞனோடு வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. இருவருக்கும் என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியவரவில்லை. பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஒரு மனிதர் காணாமற்போன வழியில் நீங்கள் இன்று பாடிக்கொண்டு போகலாம். பாடுங்கள், தாராளமாகப் பாடுங்கள். இந்தச் சுதந்திரத்தின் விலை தெரிந்து பாடுங்கள்.

6. எல்லாரும் சாப்பிடக்கூடிய கடையில் சாப்பிடுங்கள்.

நம் ஊர்க் கூட்டாளிமார் ஒரே வீட்டுச் சமையலில் வளர்ந்தவர்கள் அல்லர். ஹலால் பார்ப்பவர் இருப்பார், வெள்ளிக்கிழமை மரக்கறி என்பவர் இருப்பார், தவக்காலத்தில் இறைச்சி விடுபவர் இருப்பார். எல்லாருக்கும் பொருந்தும் கடையைப் புறப்படும் முன்பே யோசித்து வையுங்கள். ஜும்ஆ நேரம் வந்தால் வானை நிறுத்துங்கள். மற்றவர்கள் ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். வெருகல் முருகனைக் கும்பிட வேண்டுமென்று ஒருத்தி கேட்டால் அதற்கும் பத்து நிமிடம் கொடுங்கள். வழிக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போனால் காசும் மிச்சம், வயிற்றுக்கும் சுகம். பார்சல் தாளை யன்னலால் எறியாதீர்கள்.

7. ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பந்து கூடைக்குள் விழும்போது மட்டும் துள்ளுகிறவர் பாதி ஆட்டத்தைத்தான் பார்க்கிறார். 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலத் திடல், 3.05 மீற்றர் உயரத்தில் வளையம். பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால்கள். பந்து கைக்கு வந்தால் 24 வினாடிக்குள் எறிய வேண்டும். ஆகவே பந்து இல்லாத பிள்ளைகளைப் பாருங்கள்: யார் ஓடி இடம் திறக்கிறார், யார் மற்றவருக்காகக் குறுக்கே நின்று மறிக்கிறார், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு யார் முதலில் இடம் பிடிக்கிறார். பவுல் கணக்கை எழுதுங்கள். ஐந்தாவது பவுலோடு ஒரு பிள்ளை வெளியே போக வேண்டும். ஒரு காலில் அணியின் பவுல் ஐந்தானால் எதிரணிக்கு இரண்டு தனி எறிதல்கள் கிடைக்கத் தொடங்கும். பல ஆட்டங்கள் அந்தத் தனி எறிதல்களில்தான் முடிவாகின்றன.

வெளித்திடல் என்றால் காற்றையும் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் 6.75 மீற்றர் கோட்டுக்கு வெளியேயிருந்து எறியும் பந்து விலகும். அதைக் கணித்து எறிகிற பிள்ளையின் கெட்டித்தனம் கண்ணுக்குப் பிடிபட்டால் அந்த ஆட்டம் உங்களை வாழ்நாள் முழுக்க விடாது.

8. கத்துங்கள், ஏசாதீர்கள்.

பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மேளம் கொண்டுபோனால் ஆட்டம் நிற்கும் நேரம் அடியுங்கள். நடுவரை ஏசினால் அதன் பலனை உங்கள் அணிதான் அனுபவிக்கும். எதிரணிப் பிள்ளையின் நிறத்தையோ உடம்பையோ சாதியையோ சமயத்தையோ ஊரையோ இழுத்து ஒரு சொல்லும் வரக்கூடாது. அந்தப் பிள்ளையின் தாய் உங்களுக்குப் பின் வரிசையில் இருப்பாள். உங்களில் ஒருவன் வாய் தவறினால், அவனை அந்த இடத்திலேயே நிறுத்துவது கூட்டாளியின் கடமை. பயிற்றுநருக்கு வெளியிலிருந்து யோசனை சொல்லவும் வேண்டாம். அணியைக் காலை இருட்டில் எழுப்பி ஓடவிட்டவர் அவர்.

9. பெண்பிள்ளைகள் ஆடும் நாளிலும் போங்கள்.

ஆண்பிள்ளைகளின் ஆட்டத்துக்கு மூன்று வான் நிறைகிறது. பெண்பிள்ளைகள் ஆடும்போது திடலோரத்தில் ஆசிரியையும் இரண்டு தாய்மாரும் மட்டும் நிற்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அவர்கள் ஓடும் திடல் குறுகியதல்ல, வளையம் தாழ்ந்ததல்ல. வீட்டில் அனுமதி வாங்குவதிலிருந்து பயிற்சி முடிந்து இருட்டும் முன் வீடு சேர்வதுவரை, அவர்கள் ஆட்டத்துக்கு வருவதே பெரிய முயற்சி. ஒரு வானையாவது அவர்களுக்காக நிரப்புங்கள். கூட்டத்தோடு பெண்பிள்ளைகள் பயணம் வந்தால் கழிவறை வசதி, தங்கும் அறை, திரும்பும் நேரம் மூன்றையும் அவர்களிடமே கேட்டு முடிவெடுங்கள்.

10. தோற்ற அன்றுதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

வென்றால் கட்டிப்பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். தோற்றால் திடல் ஐந்து நிமிடத்தில் காலியாகும். அப்போது போகாமல் நில்லுங்கள். கடைசித் தனி எறிதலைத் தவறவிட்ட பிள்ளை துவாயால் முகத்தை மூடிக்கொண்டு இருப்பான். ஆறுதல் வசனம் எதுவும் தேவையில்லை. தண்ணீர்ப் போத்தலைக் கொடுங்கள், பையைத் தூக்குங்கள், பக்கத்தில் இருங்கள். “நீ அதைப் போட்டிருந்தால்” என்று தொடங்கும் வாக்கியத்தை அன்றும் சொல்லாதீர்கள், பத்து வருடம் கழித்தும் சொல்லாதீர்கள். அவனுக்கு அது தெரியும். வெற்றியை நேசிக்க எவராலும் முடியும். ஆட்களை நேசிப்பவர்தான் தோல்வியிலும் நிற்பார்.

எதிரணியிடம் போய்க் கைகொடுக்கவும் மறக்காதீர்கள். அடுத்த சுற்றில் கொழும்புச் சுகததாச அரங்கில் அவர்கள் கிழக்கு மாகாணத்துக்காக ஆடினால், அன்று அவர்களும் உங்கள் அணிதான்.

11. ஒன்றாகப் போனவர்கள் ஒன்றாகத் திரும்புங்கள்.

புறப்படும்போதும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தாலும் வான் அசையக்கூடாது. திரும்பும் வழியில் குடித்துக் கும்மாளம் அடிப்பவர்களோடு சேராதீர்கள். இரவானால் சாரதிக்குப் பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து பேச்சுக் கொடுங்கள். உவர்மலையோ, கிண்ணியாவோ, உப்புவெளியோ, ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் இறக்கி, கதவு திறந்ததைப் பார்த்த பிறகே அடுத்த வீட்டுக்குப் போங்கள். இந்த மாவட்டத்தில் திரும்பி வராத பிள்ளைகளுக்காக இன்னும் வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். உங்கள் தாய்மாரை ஓர் இரவுகூட அப்படி வைக்காதீர்கள்.

12. அடுத்த வருடம் உங்களுக்குக் கீழே படிப்பவர்களைக் கூட்டிப்போங்கள்.

பயணம் முடிந்த கிழமையே செலவு, சாரதியின் தொலைபேசி எண், நல்ல சாப்பாட்டுக் கடை, தங்கின இடம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பழைய மாணவர் சங்கத்தில் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த வருடம் இரண்டு இருக்கையைச் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். அவர்களில் ஒருத்தி பிறகு அணியில் ஆடுவாள். ஒருவன் நடுவராவான். மிச்சப்பேர் திடலோரத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஓர் அணி நிலைத்து நிற்பதற்கு மூன்று வகை ஆட்களும் வேண்டும். அவர்களைச் சேர்க்கும் பொறுப்பை இனி உங்களிடம் தருகிறேன்.