மழைக்கு முன் பயறு மூட்டையைப் பிரியுங்கள்: தைலம் எங்கே உதவும், எங்கே உதவாது

பங்குனி, சித்திரையில் அறுத்து வைத்த உளுந்தும் பச்சைப்பயறும், தை மாதத்திலிருந்து பரணில் கிடக்கும் மொச்சையும் துவரையும் இன்னும் வீட்டில் இருக்குமானால், வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் ஒரு தடவை வெளியே எடுத்துக் காயவைத்துவிடுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து காற்றின் ஈரம் நாள்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். நம் கல்வராயன் மலையில் இந்த ஈரம் இன்னும் நீடிக்கும்: சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. வெள்ளிமலைப் பக்கம் மழை விட்ட பிறகும் மூட்டம் சீக்கிரம் விலகாது. சாக்கில் இருக்கும் பயறு அந்த ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். 10 சதவீத ஈரத்தில் கட்டிய மூட்டை 14-ஐத் தாண்டினால் பூசணத்துக்கு வழி திறந்துவிடும். வண்டு விழுந்த மூட்டையில் இது இன்னும் வேகமாக நடக்கும், ஏனென்றால் வண்டு விடும் மூச்சே உள்ளே சூட்டையும் ஈரத்தையும் கூட்டுகிறது.

பூசணம் என்றால் வாடையும் நிறமும் கெடுவதோடு போய்விடுவதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நச்சைச் சுரக்கிறது. ஈரலில் புற்றை உண்டாக்குவது என்று உறுதிசெய்யப்பட்ட பொருள் அது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில், பருவம் தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் நோயால் இறந்தார்கள். அங்கே கெட்டது பயறல்ல, மக்காச்சோளம். ஆனால் பூஞ்சை ஒன்றுதான், அதற்கு வழிவிட்ட ஈரமும் ஒன்றுதான். சமையல் சூடு இந்த நச்சை அழித்துவிடாது என்பதால், கழுவி வேகவைத்தால் போதும் என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

இந்த இடத்தில்தான் செடிகளிலிருந்து வடிக்கும் தைலங்களைப் பற்றிய பேச்சு வருகிறது, அதற்கு ஆதாரமும் உண்டு. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் என். கே. துபேயும் அவரது மாணவர்களும் பல ஆண்டுகளாகச் சேமிப்புத் தானியங்களிலும் பயறுகளிலும் இவற்றைச் சோதித்திருக்கிறார்கள். கிராம்பில் உள்ள யூஜினால், ஓமத்தில் உள்ள தைமால், எலுமிச்சைப்புல்லில் உள்ள சிட்ரால் ஆகியவை பூஞ்சையின் செல் சவ்வைக் குலைத்து வளர்ச்சியை நிறுத்துகின்றன. போதிய அளவில் இருந்தால் நச்சு சுரப்பதும் நிற்கிறது. ஆவியாகவே பரவுவதால் மணிகளுக்கு இடையிலும் புகுந்து வண்டையும் ஒடுக்குகின்றன. இவ்வளவும் உண்மைதான் என்றாலும், இந்த முடிவுகள் மூடிய கலத்தில் கிடைத்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. சணல் சாக்கில் தெளித்த தைலம் சில நாளில் காற்றோடு போய்விடும். அடுத்த மழைக்குள் பயறு மறுபடி நிராதரவாக நிற்கும்.

நொச்சியும் வேம்பும் போட்டுத்தானே பாட்டன் காலத்திலிருந்து காத்தோம் என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தப் பழக்கத்தை நான் தள்ளவில்லை. ஆனால் பச்சிலையில் தைலம் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறுவது அரிது. நன்றாக உலராத இலை, வண்டை விரட்டுவதற்குப் பதிலாக மூட்டைக்குள் ஈரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். செலவு பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. சோதனைகளில் பலனளித்த அளவு பெரும்பாலும் ஒரு லிட்டர் இடத்துக்கு ஒரு மில்லியை ஒட்டியே இருக்கிறது. அப்படியானால் 200 லிட்டர் டிரம்முக்கு 200 மில்லி வேண்டும். விற்கப்போகும் மூட்டைகளுக்கு அது கட்டுப்படியாகாது. வாடையைக் காரணம் காட்டி வியாபாரி விலையையும் குறைப்பார். விதைக்கு வைத்த பயறில் இன்னும் கவனம் வேண்டும், கிராம்பு, எலுமிச்சைப்புல் தைலங்கள் முளைப்பையே தடுக்கக்கூடும். ஆக, வீட்டுச் சாப்பாட்டுக்கான பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மட்டுமே தைலம் பொருந்தும் என்பது என் முடிவு.

ஆகவே முதல் வேலை வெயில்தான். களத்தில் தார்ப்பாய் விரித்து மெல்லிதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் காட்டி, மாலை பனி இறங்குமுன் வாரிவிடுங்கள். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பங்கு பயறும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. ஒட்டாவிட்டாலும் போதுமென்று விடாதீர்கள், கடித்தால் பல்லில் நசுங்காமல் ‘டக்’கென்று உடைய வேண்டும். சூடு ஆறிய பிறகே கலத்தில் கொட்டுங்கள், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். விற்பனைக்கும் விதைக்கும் உரியதைக் காற்றுப் புகாத பையிலோ டிரம்மிலோ தைலமில்லாமல் கட்டுங்கள். துவரைக்குச் செம்மண் கட்டும் வழக்கம் உள்ள வீடுகள் அதை விடவேண்டாம். சாப்பாட்டுப் பயறை இறுக மூடும் டின்னில் நிரப்பி, உணவுத் தரமுள்ள, கலப்பில்லாத கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்துச் சிறு கிண்ணத்தில் மேலே வையுங்கள். பத்து லிட்டர் டின்னுக்குப் பத்து மில்லி போதும். பயறில் நேராக ஊற்ற வேண்டாம், கையிலும் கண்ணிலும் படவேண்டாம், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சமைக்குமுன் முறத்தில் பரப்பிக் காற்றாட விட்டுக் கழுவுங்கள்.

ஏற்கெனவே பூசணம் ஏறிய பயறைத் தைலம் மீட்காது. சுரந்துவிட்ட நச்சு அங்கேயே இருக்கும். பச்சையோ கருப்போ படிந்து மக்கல் வாடை அடிக்கும் மணிகளைப் பொறுக்கி மண்ணில் புதையுங்கள். அவற்றை மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள், மாடு தின்ற நச்சு பாலிலும் இறங்கும்.