குழாய் நுனியில் கிருமிக் கணக்கு



சுங்கை பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் போன்ற ஊர்களில் உள்ள இரத்தச் சுத்திகரிப்பு மையங்களுக்குத் தோட்டத்துத் தாத்தா பாட்டிகள் போய்வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலேசியாவில் சிறுநீரகம் செயலிழக்க முதன்மைக் காரணம் நீரிழிவு. சுத்திகரிப்புக்குக் கையில் நிரந்தர வழி தயாராகும் வரை, சிலருக்குக் கழுத்துச் சிரையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகுவார்கள். அதுவே கத்தீட்டர்.

அப்படிப்பட்ட ஒருவருக்குத் திடீரென்று குளிர்க்காய்ச்சல் வருகிறது. கிருமி அந்தக் குழாய் வழியாகத்தான் நுழைந்ததா? வீணாகக் குழாயை எடுத்தால் அவருக்குச் சுத்திகரிப்பு வழி போய்விடும். கிருமி பிடித்த குழாயை விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் வலுத்தால் மருத்துவர் குழாயை எடுத்து, அதன் நுனியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவார்.

சோதனை எப்படி நடக்கிறது?

முதலில் குழாயைச் சுற்றியுள்ள தோலைக் கிருமிநாசினியால் துடைப்பார்கள். குழாயை வெளியே எடுத்து, நுனியில் சுமார் 5 செ.மீ. நீளத்தைத் தூய்மையாக்கிய கத்தரிக்கோலால் வெட்டி, கிருமியற்ற புட்டியில் இடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்தத் துண்டை இடுக்கியால் பிடித்து, இரத்தம் கலந்த அகார் தட்டின் மீது முன்னும் பின்னுமாக உருட்டுவார்கள். பிறகு தட்டை ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைப்பார்கள்.

20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் ஒரு பாக்டீரியா, 10 மணி நேரத்தில் 30 முறை பிரிந்தால் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டிவிடும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத கிருமி, மறுநாள் புள்ளியாகத் தெரிகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கூட்டம்.

ஏன் எண்ண வேண்டும்?

நம் தோலில் எப்போதும் கிருமிகள் உண்டு. குழாயை வெளியே இழுக்கும்போது இரண்டொன்று நுனியில் ஒட்டிக்கொள்ளலாம். நுனியைத் திரவ உணவில் போட்டால், ஒரே கிருமி இருந்தாலும் திரவம் கலங்கிவிடும். எது தற்செயலாக ஒட்டியது, எது குடியேறியது என்று பிரித்தறிய முடியாது. 1977-ல் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் மாக்கியும் உடன் ஆய்வாளர்களும் இந்த உருட்டும் முறையை வெளியிட்டனர். தட்டில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட கூட்டங்கள் வளர்ந்தால், கிருமி குழாயில் குடியேறியிருக்கிறது என்று கொள்ளப்படுகிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. உருட்டும்போது குழாயின் வெளிப்புறக் கிருமிதான் தட்டில் படும். உட்புறத்தில் இருப்பது தப்பிவிடலாம். குடியேறிய கிருமி இரத்தத்தில் கலந்ததா என்பதையும் நுனி மட்டும் சொல்லாது. ஆகவே நோயாளியின் இரத்தத்தையும் வளர்த்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்தால் சான்று வலுவாகும். காய்ச்சல் இல்லாதவரின் குழாய் நுனியை வழக்கமாகச் சோதிக்காததற்கும் காரணம் உண்டு: தேவையில்லாத மருந்து கொடுக்க நேர்ந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக அது வழிவகுக்கும்.

சிந்தித்துப் பாருங்கள்

காய்ச்சல் கண்ட இருவரின் முடிவுகள் இவை. முதலாமவர்: நுனியில் 3 கூட்டங்கள், இரத்தத்தில் கிருமி இல்லை. இரண்டாமவர்: நுனியில் 80 கூட்டங்கள், இரத்தத்திலும் அதே கிருமி. யாருடைய காய்ச்சலுக்குக் குழாய் காரணம்? இரண்டாமவர் என்று சொன்னால் பாடம் புரிந்துவிட்டது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இத்தகைய குழாய் இருந்தால், கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; கை கழுவாமல் தொடாதீர்கள். குளிரும் நடுக்கமும் கண்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.