நாய்களின் கல்லீரல் நொதி உயர்வு

களத்தைக் காக்கும் நாய் இரண்டொரு நாளாய்த் தீனி தின்னாமல், வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தால், அதைக் கால்நடை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இரத்தப் பரீட்சை செய்விக்கும் குடியானவர்கள் இப்பொழுது பலர் உளர். பரீட்சைச் சீட்டில் "கல்லீரல் நொதிகள் அதிகம்" என்றிருக்கக் கண்டு, இனிப் பிழையாதென்று கைவிடுவோரும் உண்டு. ஈரல் டானிக்கு வாங்கிப் புகட்டி, காரியம் முடிந்ததென்றிருப்போரும் உண்டு. இரண்டும் பிசகு.

நொதிகள் கல்லீரலின் ஜீவ அணுக்களுக்குள் வேலை செய்யும் பொருள்கள். கிழிந்த மூட்டையிலிருந்து நெல் சிந்துவதுபோல், அணுக்கள் சேதப்பட்டால் ஏ.எல்.டி. என்னும் நொதி இரத்தத்தில் சிந்துகிறது. பித்தம் இறங்கத் தடையுண்டானால் ஏ.எல்.பி. என்னும் வேறொன்று உயர்கிறது. ஆயினும் எலும்பு வளரும் குட்டிகளுக்கு இது இயல்பாகவே சற்று அதிகம். அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தாலும் நாய்களுக்கு இது மிக உயரும். ஆகையால் முன்பு கொடுத்த மருந்துகளை ஒளியாது வைத்தியரிடம் கூறவேண்டும். சேதம் நின்றபின் ஏ.எல்.டி. இரண்டு மூன்று தினங்களில் ஏறக்குறையப் பாதியாய்க் குறையும். ஆனால், கல்லீரல் சுருங்கிக் கெட்டுப்போன நாய்க்கு எண் சாதாரணமாயிருப்பதுமுண்டு. வெறும் மூட்டையில் சிந்த நெல் ஏது? எனவேதான் வைத்தியர் பிலிருபின், அல்புமின், பித்த அமிலம் ஆகியவற்றையும் பார்க்கிறார்.

காரணத்தைப் பெரும்பாலும் வீட்டிலேயே தேடவேண்டும். விற்பனைக்கு உதவாத பூசணம் பிடித்த கடலையையும் மக்காச்சோளத்தையும் நாய்க்குப் போடுவது கெட்ட வழக்கம். அப்பூசணத்தில் உண்டாகும் அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு கல்லீரலையே தாக்கும். கஞ்சியாய்க் காய்ச்சினாலும் நீங்காது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்கு இந்நஞ்சு கலந்த கடலைப் பிண்ணாக்கே காரணமெனக் கண்டறிந்தனர். 2005-ம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் நஞ்சேறிய மக்காச்சோளம் சேர்ந்த தீனியால் பல நாய்கள் இறந்தன. அதே பிண்ணாக்கைக் கறவை மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் இறங்கும். நாயின் சீட்டைக் கண்டவர் தம் கிடங்கையும் திறந்து பார்ப்பது நலம்.

மனிதருக்குரிய பாராஸிட்டமால் மாத்திரையை நாய்க்குக் கொடுத்தலும் பெருந்தீங்கு.

கண்ணும் ஈறும் மஞ்சளாகிக் காய்ச்சலும் காணுமாயின் எலிக்காய்ச்சலையும் சந்தேகிக்கவேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரால் இது நாய்க்கும் மனிதருக்கும் வரும். நோயுற்ற நாயின் சிறுநீராலும் பரவும். காலில் புண்ணுள்ளோர் அந்நாயைத் தொட்டுக் கழுவலாகாது. பிறரும் கையுறையின்றிச் செய்யலாகாது. அவ்வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், நாயின் நோயையும் வைத்தியரிடம் அன்றே தெரிவிக்கவேண்டும். நாய்களுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு.

நாய் சுறுசுறுப்பாயிருந்து எண் மட்டும் சற்று உயர்ந்திருப்பின், சந்தேகமான தீனியை நிறுத்தி, வைத்தியர் குறிக்கும் நாளில், பெரும்பாலும் சில வாரங்களுக்குப் பின், மறுபடியும் பரீட்சிக்கலாம். அப்பொழுது பழைய சீட்டையும், நாய் தின்ற தீனியில் ஒரு பிடியையும் உடன் கொண்டுபோகவேண்டும்.