மேடை விளக்குக்கு ஒரு கடிகாரம்

எங்கள் பள்ளி குள்ளஞ்சாவடியை ஒட்டிய கிராமத்தில் இருக்கிறது. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் முந்திரித் தோப்புகளைத் தாண்டினால் குறிஞ்சிப்பாடி, அடுத்து வடலூர், அதற்கப்பால் நெய்வேலி. எங்கள் பிள்ளைகளில் பலருடைய அப்பாவோ மாமாவோ சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர். ஆகவே ஆண்டு விழா நாடகத்துக்குக் கதை தேடி நாங்கள் தொலைவுக்குப் போகவில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்கி, 1956இல் நிறுவனம் உருவானதைச் சொல்லி, நிலத்தடி ஊற்று நீரை இரவு பகலாக இறைத்தால்தான் அடியில் நிலக்கரி வெட்ட முடியும் என்பதைக் காட்டி, நிலம் கொடுத்த குடும்பத்துப் பாட்டி ஒருத்தி பேசுவதோடு முடியும் நாடகம். எழுதியவர் எங்கள் தமிழாசிரியை. நான் கணக்கு வாத்தியார். என் பங்குக்கு வந்தது விளக்கு.

விளக்கு என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. மைக்செட் கடையிலிருந்து ஆறு எல்இடி பார் விளக்குகள் வந்தன. சென்னையில் நிகழ்ச்சிகளுக்கு விளக்கு அமைக்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். கன்சோல் மென்பொருள் உள்ள மடிக்கணினியையும், அதிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பியையும் அவரே கொண்டுவந்தார். "சார், பின்னணி இசையோடு விளக்கும் தானா மாறுற மாதிரி செஞ்சுடலாம், யாரும் பட்டனை அமுக்க வேணாம்" என்றார். அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிழை அங்கே தொடங்கியது.

முதலில் பிள்ளைகளுக்கு விளக்கின் முகவரியைச் சொல்லிக்கொடுத்தோம். மேடை விளக்குகள் கேட்கும் மொழிக்கு டிஎம்எக்ஸ் 512 என்று பெயர். 1986இல் வகுக்கப்பட்டது. ஒரு கம்பியில் 512 சேனல்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் அணைந்தது, 255 என்றால் முழு ஒளி. 512 எண்களையும் வினாடிக்கு ஏறத்தாழ 44 முறை அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் விளக்கு ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் முதலாக 7 சேனல்கள். முதல் விளக்கு 1இல் தொடங்கினால் அடுத்தது 8, பிறகு 15, 22, 29, 36. பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசை நடத்தும்போது இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. "ஒரே கம்பியில் இப்படி எத்தனை விளக்கு போடலாம்?" என்று கேட்டேன். 73 என்று வந்தது. கடைசி விளக்கு 505இல் தொடங்கி 511இல் முடியும், ஒரு சேனல் வீணாகும் என்பதையும் ஒரு பையன் சொன்னான். பழைய விளக்குகளில் முகவரியைச் சின்னச் சின்ன சுவிட்சுகளால் வைக்க வேண்டும். அது இரும எண். 22 வேண்டுமென்றால் 16, 4, 2 ஆகியவற்றுக்கான சுவிட்சுகளை மட்டும் மேலே தள்ள வேண்டும். விளக்கைக் கையில் கொடுத்துவிட்டால் இரும எண்ணுக்குத் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

இனி டைம்கோடு. ஒரு பாட்டின் ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு பெயர் வைப்பதுதான் அது. மணி, நிமிடம், வினாடி, பிரேம் என்று நான்கு இலக்கச் சோடிகள். 1960களின் இறுதியில் வீடியோ நாடாக்களை வெட்டி ஒட்டுவதற்காக அமெரிக்காவில் பிறந்தது. திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் அதைத் தரப்படுத்தியதால் அந்தச் சங்கத்தின் பெயராலேயே எஸ்எம்பிடிஇ டைம்கோடு என்கிறார்கள். திரைப்படத்துக்கு வினாடிக்கு 24 பிரேம், நம் தொலைக்காட்சிக்கு 25. ஏன் 25? நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் பாதி. 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்காவில் 30. இயற்பியல் ஆசிரியர் இந்த இடத்தில் வகுப்பை வாங்கிக்கொள்ளலாம்.

25 பிரேம் கணக்கில் 00:02:14:12 என்பது எத்தனையாவது பிரேம்? 134 வினாடியை 25ஆல் பெருக்கி 12ஐக் கூட்டினால் 3362. ஏழாம் வகுப்பே செய்துவிடும். 00:01:10:27 என்று எழுதிக்கொடுத்து "இது சரியா?" என்று கேட்டுப்பாருங்கள். 25இல் 27ஆவது பிரேம் என்று ஒன்று கிடையாது. அறுபதைத் தாண்டாத நிமிடமும் இருபத்தைந்தைத் தாண்டாத பிரேமும் ஒரே எண்ணுக்குள் இருப்பதைப் பிள்ளைகள் வியப்போடு பார்த்தார்கள்.

இதைவிடச் சுவையானது அமெரிக்கக் கணக்கு. வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது அங்கே வேகம் 30இலிருந்து 29.97 ஆகக் குறைந்தது. 30 என்று எண்ணிக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் 108 பிரேம் பிசகும், அதாவது 3.6 வினாடி. சரிசெய்ய ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டிவிடுகிறார்கள். பத்தாவது, இருபதாவது என்று பத்தின் மடங்காக வரும் நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. 120இலிருந்து 12 போனால் 108, கணக்கு நேர். படம் ஒன்றும் வெட்டப்படுவதில்லை, எண்தான் தாண்டப்படுகிறது. லீப் ஆண்டின் விதியை நடத்தியவர்களுக்கு இது உறவுக்காரக் கணக்கு.

அந்த எண் எப்படிக் கம்பியில் போகிறது? ஒலியாகத்தான். ஒவ்வொரு பிரேமுக்கும் 80 பிட்டுகள். 14 என்பதை 1, 4 என்று தனித்தனி இலக்கமாக இரும எண்ணில் எழுதுகிறது. 25 பிரேமுக்கு வினாடிக்கு 2000 பிட். ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் ஒருமுறை புரளும். பிட் 1 என்றால் நடுவிலும் ஒருமுறை புரளும். ஆக எல்லாம் 0 என்றால் 1000 ஹெர்ட்ஸ், எல்லாம் 1 என்றால் 2000 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிக நன்றாகக் கேட்கும் இடம் அது!

இதை நாங்கள் கணக்காகப் படிப்பதற்கு முன்பே காதால் படித்துவிட்டோம். ஸ்டீரியோ கோப்பில் இடப்பக்கம் இசை, வலப்பக்கம் டைம்கோடு என்று வைத்திருந்தோம். வலப்பக்கம் மடிக்கணினிக்கு மட்டும் போக வேண்டும். ஒத்திகையில் மிக்சரில் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. புல்லாங்குழலோடு கீ... என்று ஓர் அலறல் மைதானம் முழுக்கப் பரவியது. பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்து, "வாத்தியாரே, மைக்கு ஏதோ கத்துது" என்றார். இன்னொரு பாடமும் கிடைத்தது. அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது. சுருக்கும்போது இசை பிழைத்துக்கொள்ளும், டைம்கோடு சிதைந்துவிடலாம். எதிரொலி, ஒலித்திருத்தம் எதன் வழியாகவும் அதை விடாமல் நேராகக் கொண்டுபோக வேண்டும். இசை தொடங்குவதற்குச் சில வினாடிகள் முன்பே குறியீடு ஓடத் தொடங்கினால் கன்சோல் அதைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். முதல் பாட்டை 01 மணியிலும் இரண்டாவதை 02 மணியிலும் தொடங்கினால் ஒன்றின் விளக்கு இன்னொன்றில் வந்து விழாது.

பெரிய கன்சோல்களில் ஷோ கண்ட்ரோல் என்றே ஒரு பக்கம் இருக்கும். ஈடிசி நிறுவனத்தின் ஈயோஸ் வகையில் ஒரு நிகழ்வுப் பட்டியல் திறந்து, அது எஸ்எம்பிடிஇ குறியீட்டுக்கா, மிடி குறியீட்டுக்கா, கடிகார நேரத்துக்கா என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு பிரேம் வேகம். வெளியிலிருந்து வரும் குறியீட்டைக் கேட்கச் சொல்லும் பொத்தானை மறந்தால் எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் நடக்காது. நேரங்களைக் கையால் எழுதலாம். அல்லது பாட்டை ஓடவிட்டு, வேண்டிய இடங்களில் கோ பொத்தானை அழுத்தி, கன்சோலையே கற்றுக்கொள்ளச் செய்யலாம். எங்கள் மென்பொருளிலும் அப்படித்தான் செய்தோம். அழுத்தியது எட்டாம் வகுப்பு மாணவர்கள். எல்லா விளக்கும் ஒரு துளி பிந்தியே வந்தது. காது கேட்டு விரல் நகர 0.2 வினாடி ஆகும் என்று வைத்தால் 5 பிரேம். எல்லா நேரத்திலும் 5ஐக் கழித்தோம், இசையோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் மைதானத்தின் கடைசி வரிசையில் நின்று பார்த்தபோது விளக்கு முந்துவதுபோல் தெரிந்தது. ஒலிபெருக்கியிலிருந்து 34 மீட்டர். ஒலி வந்துசேர 0.1 வினாடி, இரண்டரை பிரேம். கடைசி வரிசைக்கென்று ஒரு கணக்கு, முதல் வரிசைக்கென்று ஒரு கணக்கு வைக்க முடியாது. முதல் வரிசையில் சின்னப் பிள்ளைகள் உட்காருவார்கள். அவர்களுக்கே வைத்தோம்.

விழா நாள். சுரங்கக் காட்சி பிரமாதமாக வந்தது. கடைசிக் காட்சியில் பாட்டியாக நடித்த மாணவி, கூரைப் பட்டியல் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்கு வெலை போட்டீங்க, வாசலுக்கு?" என்று கேட்டாள். ஒத்திகையில் யாரும் கைதட்டியதில்லை. அன்று ஊரே தட்டியது. அவள் நிறுத்தினாள். கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நல்ல நடிகைக்குத் தானாக வருவது அது. பின்னணியில் புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது, அதோடு டைம்கோடும். அவளுக்கு இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தபோது விளக்கு அணைந்தது. இருட்டில் பேசினாள். பேச்சின் நடுவில் நீல ஒளி வந்தது, அதைப் பார்த்துத் தொழிலாளிகளாக நடித்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். அந்த இரண்டு வரிக்காகத்தான் தமிழாசிரியை அந்த நாடகத்தையே எழுதியிருந்தார்.

மறுநாள் காலை வழிபாட்டுக்குப் பிறகு அந்தப் பெண் வந்து, "சார், நான்தான் லேட் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். இல்லையம்மா, விளக்குதான் அவசரப்பட்டது, அதை அப்படி வைத்தது நான் என்றேன். அவள் முகத்தில் அது முழுவதும் இறங்கியதாகத் தெரியவில்லை.

பிறகுதான் நான் உட்கார்ந்து யோசித்தேன். பள்ளிச் சுற்றுலாவில் மதுரை திருமலை நாயக்கர் மகாலில் ஒலி ஒளிக் காட்சி பார்த்திருப்பீர்கள். 1981 முதல் நடப்பது. தூண்களும் குரல்களும் மட்டும்தான், மேடையில் ஆள் இல்லை. பிரான்சில் ஷாம்போர் கோட்டையில் 1952இல் இந்த வகைக் காட்சியை முதலில் நடத்தியதும், 1965இல் தில்லி செங்கோட்டைக்கு அது வந்ததும் அப்படித்தான். பதிவான குரல் யாருக்காகவும் நிற்காது. அங்கே கடிகாரம் விளக்கை ஓட்டுவது பொருத்தம். இன்னொரு பக்கம், 1959இல் கொல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத் நடத்திய 'அங்கார்' நாடகம். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்கும் காட்சி. தபஸ் சென் ஒரு துளி நீர் இல்லாமல் ஒளியாலேயே அந்த வெள்ளத்தை எழுப்பினார். டைம்கோடு பிறப்பதற்கு முந்தைய காலம் அது. மேடையில் ஆட்கள் இருந்தார்கள், விளக்குக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள்.

எனவே அடுத்த ஆண்டு விளக்கு மாற்றங்களை மூன்றாகப் பிரித்தோம். பிள்ளைகளிடம் கேட்டபோது முதல் வகைக்கு ஒருவன் வடலூர் தைப்பூசத்தைச் சொன்னான்: குறித்த மணிக்கு ஏழு திரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விலகி ஜோதி தெரியும். கன்சோலிலும் கடிகார நேரத்துக்கு நிகழ்வு வைக்கலாம்; மாலை 6 மணிக்கு மைதான விளக்கு எரிவது அதில் போயிற்று. இரண்டாவது, பதிவான பாட்டுக்கு ஆடும் நடனங்கள். அவை டைம்கோடு வழியே. கன்சோல் கடன் கிடைக்காத இடத்தில் கியூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருளின் ஷோ மேனேஜர் போதும். ஒலிக்கோப்பையும் விளக்குகளையும் ஒரே காலக்கோட்டில் அடுக்கிவிடலாம். மூன்றாவது, யாராவது பேசும் இடம் எல்லாம். அங்கே கோ பொத்தான், அதன் மேல் ஒரு விரல். ஒலிக்கும் விளக்குக்கும் ஒரே விரல் வேண்டுமென்றால் மிடி ஷோ கண்ட்ரோல் இருக்கிறது. ஒலிக் கணினியில் அழுத்தினால் "கியூ 14, கோ" என்ற செய்தி விளக்குக் கன்சோலுக்குப் போய்விடும். 1991இலேயே வந்த ஏற்பாடு. எங்களுக்கு அதுவரை தேவைப்படவில்லை. பேச்சின் அடியில் இசை வேண்டுமென்றால் டைம்கோடு இல்லாத கோப்பு.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. மூன்று முள் பிளக், எர்த் கம்பி, கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவை இல்லாமல் பிள்ளைகளை இரும்புச் சட்டத்தின் அருகில் விடாதீர்கள். விளக்கை மேலே கட்டுவது பெரியவர்கள் வேலை.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்த முறை நடிக்க வரவில்லை, விளக்குக்கு வருகிறேன் என்றாள். கியூ தாள் அவளே எழுதினாள். நான் போட்டுக்கொடுத்த கட்டத்தில் நேரத்துக்கு ஒரு நிரல் இருந்தது. பாட்டுகளுக்கு நேராக 02:00:41:05 என்பதுபோல் பிரேம் வரை எழுதியிருந்தாள். பேச்சுக் காட்சிகளுக்கு நேராக அந்த நிரலை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தாள்: "கியூ 14 – கைதட்டு நின்னு, அவ மூச்சு எடுத்து, கடைசி வரி முடிச்ச பிறகு."