தொலைவிலும் முகம் காணல்

அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் என்னும் ஊர் உள்ளது. முதலாம் இராசேந்திர சோழன் அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்டான். ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் அவனுடைய கடற்படை கடாரம் வரை சென்றது. கலம் ஏறிச் சென்றோர் நலமுடன் உள்ளனரா என்பதை அவர்தம் பெற்றோரும் மனைவியரும் திங்கள் பல கழிந்த பின்னரே அறிந்திருப்பர். இன்றும் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களைச் சேர்ந்த பலர், பொருள் ஈட்டும் பொருட்டுச் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். ஆயினும், மாலைப்பொழுதில் திண்ணையில் அமர்ந்த தாய், கைப்பேசியில் மகனுடைய முகத்தைக் கண்டு உரையாடுகிறாள். பிரிவின் துயரை ஆற்றும் இவ்வசதியே காணொளி அழைப்பு.

தாயும் மகனும் பேசுவன யாவை? தந்தையின் நோய், அடகு வைத்த நகை, தங்கையின் திருமணம் ஆகிய வீட்டுச் செய்திகளே. இவை பிறர் செவிக்கு உரியன அல்ல. ஆதலின், அப்பேச்சு எவ்வழியே செல்கிறது, இடையில் நிற்போர் யாவர் என்பவற்றை அறிதல் இன்றியமையாதது.

காணொளி அழைப்பு இரு வழிகளில் நிகழும். ஒருவர் பேச்சு, செயலியை நடத்தும் நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, அங்கிருந்து மற்றவரை அடைவது ஒரு வழி. அந்நிறுவனக் கணினியில் தங்காமல், இணையத்தின் ஊடே ஒரு கைப்பேசியிலிருந்து மறு கைப்பேசிக்கு நேரே செல்வது மற்றொரு வழி. பின்னதில் இரு கருவிகளும் ஒன்றுக்கொன்று நிகராக நின்று தருவதும் பெறுவதும் செய்கின்றன. ஆதலின் அது நிகர்நிலைத் தொடர்பு எனப்படும்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரே வாயில் உடைய வளவில் பல குடும்பங்கள் வாழ்வதுபோல, ஒரே இணைய முகவரியின் பின்னே பல கருவிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் செய்தி, உள்ளே எவ்வீட்டை நாடுவது என அறியாமல் வாயிலிலேயே நின்றுவிடும். ஆகவே கைப்பேசி முதலில் வெளியே உள்ள ஒரு துணைக்கணினியை அணுகி, தன் முகவரி வெளியுலகிற்கு எவ்வாறு தோன்றுகிறது எனக் கேட்டறிகிறது. பின்னர் இரு கைப்பேசிகளும் தம் முகவரிகளை மாற்றிக்கொண்டு நேரே இணைகின்றன. அவ்வாறும் இணைய இயலாதபோது, இடைநிலைக் கணினி ஒன்று பேச்சை வாங்கிக் கொடுக்கிறது. பேச்சு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், பூட்டிய பெட்டியைச் சுமக்கும் தூதன்போல, அக்கணினி அதனைச் சுமக்குமேயன்றித் திறந்து பார்க்க இயலாது.

பூட்டு உறுதியானதென்று பூட்டுச் செய்தவனே சொன்னால் போதுமா? இவ்விடத்தில்தான் திறமூல மென்பொருளின் சிறப்பு விளங்குகிறது. மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்னும் கருத்துடன், அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு இசுடால்மன் 1983ஆம் ஆண்டில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். கூகுள் நிறுவனம் தான் விலைக்கு வாங்கிய ஒலி, ஒளி அனுப்பும் நுட்பத்தை, 2011ஆம் ஆண்டில் வெப்ஆர்டிசி என்னும் பெயரில் திறமூலமாக வெளியிட்டது. 2021ஆம் ஆண்டு சனவரியில் அது உலகளாவிய வலைத்தரமாக ஏற்கப்பெற்றது. அத்தரத்தின்படி மறையாக்கம் கட்டாயமாகும். கைப்பேசிச் செயலி இயற்றுவோர் எவரும் அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கனடா நாட்டில் உருவாகிய ஜாமி என்னும் கைப்பேசிச் செயலியும் திறமூலமே. அது குனு திட்டத்தில் இடம்பெற்றது. நிகர்நிலை முறையில் இயங்குவது.

சந்தையில் தராசை மூடிவைத்து நிறுக்கும் வணிகனை எவரும் நம்பார். கண்ணெதிரே நிறுப்பவனையே நம்புவர். திறந்த நிரலும் அத்தகைய தராசே. ஆயினும், தட்டும் எடையும் சரியா என நோக்குவார் இல்லையேல் திறந்த தராசாலும் பயனில்லை. நிரலைக் கற்று ஆராய்வோர் இருக்கும்வரையே அதன் நேர்மை நிலைக்கும்.

நிகர்நிலைத் தொடர்புக்கு எல்லைகளும் உண்டு. இருவர் பேச ஓர் இணைப்புப் போதும். பதின்மர் கூடினால் ஒவ்வொருவரும் தம் காட்சியை 9 பேருக்குத் தனித்தனியே அனுப்ப வேண்டும். இணைப்புகள் 45 ஆகிவிடும். சிற்றூரின் மெலிந்த இணையம் அதனைத் தாங்காது. ஆகவே பெருங்கூட்டங்களுக்கு நடுக்கணினியே ஏற்றது. மேலும், நேரே இணையும்போது ஒருவரின் இணைய முகவரி மற்றவர் கருவிக்குத் தெரிந்துவிடும். எனவே அறிமுகமற்றவரின் அழைப்பை ஏற்பதில் எச்சரிக்கை வேண்டும்.

கணிப்பொறி பயிலும் மாணவர்க்கு இத்துறையில் ஆற்றத்தக்க பணிகள் பல உள. நிரலைப் படித்துப் பிழை காணலாம். செயலியின் சொற்களைத் தமிழாக்கலாம். திறமூல உலகில் இப்பணிக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அறிவும் உழைப்புமே வேண்டும். பெரம்பலூர்ச் சிற்றூர் ஒன்றில் பயிலும் மாணவர் திருத்தும் ஒரு வரி, உலகின் எம்மூலையிலோ ஒரு தாயின் பேச்சைக் காக்கக்கூடும். கடல் கடந்து முகம் காணச் செய்தது அறிவியலின் வெற்றி. அப்பேச்சைப் பேசுவோர்க்கே உரியதாகக் காப்பது, அவ்வறிவியலைக் கற்போரின் கடமையாகும்.