ஐந்து ஏக்கரும் ஓர் ஆளும்

கேள்வி: ஐயா, மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 24 ஆண்டுகள் இருந்துவிட்டுச் சென்ற ஆண்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். எங்கள் பக்கம் என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர். ஆளுக்கொரு திசையில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இருபது பேர் சேர்ந்து ஐந்து ஏக்கர் வாங்கி, மாடு வளர்த்து, ஒரே வளாகத்தில் வீடு கட்டி வாழலாம் என்று பேசிவருகிறோம். வீட்டில் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். படையில் இருந்த யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?
– முன்னாள் படைவீரர், குடியாத்தம்

பதில்: ஒருவர் செய்தார். ஏறக்குறைய நீங்கள் நினைப்பதையேதான் செய்தார், அது உடைந்துபோனது. உடைந்த பிறகு அவர் செய்ததுதான் உங்களுக்கு முக்கியம்.

அவர் பெயர் லியோனார்ட் செஷயர். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சு விமானி. இரண்டாம் உலகப் போரில் நூறு முறைக்குமேல் எதிரியின் வானத்துக்குள் போய்த் திரும்பியவர். 1943-இல், 25 வயதிலேயே குரூப் கேப்டன் ஆனார். அந்தப் பதவியில் இருந்தால் பறக்க முடியாது என்பதால், ஒரு படி கீழிறங்கி 617-ஆவது ஸ்குவாட்ரனின் தலைமையைப் பெற்று மறுபடி விமானம் ஏறினார். 1944-இல் அவருக்குக் கிடைத்த விக்டோரியா கிராஸ் ஒருநாள் வீரத்துக்காக அல்ல, நான்கு ஆண்டுகள் ஓயாமல் காட்டிய துணிச்சலுக்காக. நாகசாகியில் அணுகுண்டு விழுந்ததை வானிலிருந்து பார்த்த பிரிட்டிஷ் பார்வையாளர் இருவரில் அவரும் ஒருவர்.

1946-இல் படையை விட்டார். ஊர் திரும்பியவர்களுக்கு வேலை மட்டும் போதாது, கூட இருந்தவர்களின் தோழமையும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பத்திரிகையில் எழுதி அழைத்தார். முன்னாள் படையினர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். முதலில் லெஸ்டர்ஷயரிலும், பிறகு ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பெரிய மாளிகையிலும் குடியேறி, பாடுபட்டுப் பொதுவில் வாழ்வது திட்டம். இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. கடன் ஏறியது. செஷயரும் உடல்நலம் குன்றி, ஓய்வுக்காகக் கனடா போய்விட்டார்.

படையில் நம்மைச் சேர்த்துப் பிடித்திருப்பவை ராணுவச் சட்டமும் மாதச் சம்பளமும். இரண்டும் போன பிறகு தோழமை ஒன்றே தவணை கட்டிவிடாது. உங்கள் இருபது பேரில் விடியற்காலை பால் கறக்கும் முறை யாருடையது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? ஒருவர் காலமானால் அவர் பங்கு மனைவிக்கா, சங்கத்துக்கா? எழுத்தில் பதில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

செஷயர் கனடாவிலிருந்து திரும்பி வந்து, நிலத்தை விற்றுக் கடனை அடைத்துக்கொண்டிருந்தார். 1948-இல் ஆர்தர் டைக்ஸ் என்பவரைப் பற்றித் தகவல் வந்தது. அதே குடியிருப்பில் இருந்தவர். புற்றுநோய் முற்றி, மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை. போக இடமும் இல்லை. செஷயர் அவரை லெ கோர்ட்டுக்கே அழைத்துவந்தார். பணியாள் வைக்கக் காசில்லை. அவரே சமைத்தார், குளிப்பாட்டினார், படுக்கையை மாற்றினார். சில மாதங்களில் டைக்ஸ் இறந்தார். அதற்குள் செய்தி பரவி, கைவிடப்பட்ட நோயாளிகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கிவிட்டார்கள். அப்படிப் பிறந்தவைதாம் செஷயர் இல்லங்கள். 1950-களில் பம்பாய்க்கு வந்தன, சென்னையிலும் உண்டு. 1992-இல் அவர் மறையும்வரை இந்த வேலைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் லெ கோர்ட்டில் வசித்த மாற்றுத்திறனாளிகளே, எங்கள் வாழ்க்கையை நிர்வாகம் தீர்மானிக்கக் கூடாது என்று போராடினார்கள். அங்கிருந்த பால் ஹன்ட் 1970-களில் இங்கிலாந்தின் மாற்றுத்திறனாளி உரிமை இயக்கத்துக்கே முன்னோடியானார். அந்தப் போராட்டம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். உதவ நினைப்பவர், உதவி பெறுபவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

ஆகவே ஐந்து ஏக்கரை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் தாலுகாவில் காலமான படைவீரர் ஒருவரின் மனைவி இருப்பார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். அதனால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோயிருக்கும். ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் எப்படி நுழைவது, உயிர்வாழ்வுச் சான்று எங்கே கொடுப்பது என்று சொல்ல ஆளிருக்காது. ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை இருந்தும் பாலிகிளினிக்குக்குத் தனியாகப் போக முடியாத முதியவரும் இருப்பார். உங்களுக்கு அந்தப் படிவங்களின் மொழி தெரியும். ரெக்கார்ட் ஆபீசுக்கு எப்படி எழுத வேண்டும் என்பதும் தெரியும்.

ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரோடு நீங்களும் போங்கள். பணம் கணக்கில் ஏறும்வரை கூடவே இருங்கள். இருபது பேரில் எத்தனை பேர் இதற்கு உங்களோடு வருகிறார்கள் என்று பார்த்த பிறகு, நிலம் வாங்குவதைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.