பழைய கார் பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி இந்த 3 டெஸ்ட் பண்ணுங்க

செகண்ட் ஹேண்ட் கார் காலையில ஸ்டார்ட் ஆகலைன்னதும் புது பேட்டரிக்குக் காசு கொடுத்துடாதீங்க. வயரிங்ல கோளாறுன்னா புது பேட்டரியும் இறங்கிடும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில எலக்ட்ரிகல் பழுதுக்கு க்ளெய்மும் கிடையாது. முழுச் செலவும் உங்களோடதுதான். ஒரு மல்டிமீட்டர் போதும்.

1. வண்டியை ஆஃப் பண்ணி வச்சிருந்து, காலையில பேட்டரி வோல்டேஜ் பாருங்க. 12.6 இருந்தா சார்ஜ் முழுசா இருக்கு. டெர்மினல், எர்த் வயர்ல துரு இருக்கான்னு பாருங்க. 12.2-க்குக் கீழேன்னா சார்ஜ் இறங்கியிருக்கு.

2. ஜம்ப் ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் ஓடும்போது பாருங்க. சுமார் 13.8 முதல் 14.5 வரணும். வரலைன்னா ஆல்டர்னேட்டர் அல்லது பெல்ட்.

3. எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, நெகட்டிவ் கேபிளைக் கழட்டி, அதுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல வைங்க. அப்போ ஸ்டார்ட் பண்ணக் கூடாது! அரை மணி நேரம் கழிச்சு 50 மில்லி ஆம்பியருக்கு மேல ஓடினா கரண்ட் லீக் ஆகுது. ஃபியூஸை ஒவ்வொண்ணா எடுங்க. எதை எடுத்ததும் குறையுதோ, அந்த லைன்லதான் கோளாறு. பழைய வண்டியில பெரும்பாலும் பின்னாடி போட்ட ஸ்டீரியோ, அலாரம்தான்.

ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஆம்பியர் போடாதீங்க, வயர் தீப்பிடிக்கும்.

2-ம் 3-ம் சரியா இருந்தும் சார்ஜ் நிக்கலையா? அப்போ தாராளமா பேட்டரி மாத்துங்க.